பாலி கிராமத்தில் சொந்த நிலம் வாங்கலாம் என்று எழுதாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த வெளிநாட்டு வீடு, மனை பற்றிய கட்டுரையை ஊரிலிருந்து என் தம்பி வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தான். பாலித் தீவின் மேற்குக் கடற்கரையில் வயலும் கடலும் சேர்ந்த நிலம் இன்னும் மலிவாகக் கிடைக்கிறது, உள்ளூர்க்காரர் ஒருவர் பெயரில் பத்திரம் போட்டுக்கொண்டால் போதும், பத்து வருடத்தில் பல மடங்காகும் என்று அதில் இருந்தது. அந்தக் கடற்கரையில்தான் நான் குடும்பம் நடத்துகிறேன். நம் ஊர் மக்கள் நகையை விற்று, வங்கியில் கடன் வாங்கி இதில் இறங்கிவிடக் கூடாது என்ற கவலையில் எழுதுகிறேன். கடிதம் நீளமாகத்தான் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் வேதாரண்யம் பக்கத்துப் பெண். மாலத்தீவில் பள்ளி ஆசிரியையாக இருந்தபோது, அங்கே ஒரு விடுதியின் சமையலறையில் வேலை பார்த்த பாலிக்காரரை மணந்தேன். பிறகு அவருடைய ஊருக்கே வந்துவிட்டோம். ஜெம்ப்ரானா மாவட்டத்தில் மெண்டோயோ வட்டம். சுற்றுலாப் படங்களில் வரும் பாலி இது இல்லை. பாலியின் தலைநகர் டென்பசாரிலிருந்து மேற்கு முனையில் இருக்கும் கிலிமானுக் துறைமுகம் வரை 128 கிலோமீட்டர் ஓடும் நெடுஞ்சாலை எங்கள் ஊரை இரண்டாகப் பிரிக்கிறது. ஜாவாவுக்குப் போகும் லாரிகள் இரவு பகலாக ஓடும். சாலைக்கு வடக்கே தென்னையும் கொக்கோவும், அதற்கு மேலே காடு. தெற்கே வயல். வயல் வரப்பு முடிகிற இடத்தில் கறுப்பு மணல், அப்புறம் கடல். கொஞ்சம் கிழக்கே போனால் கடலோரக் குன்றின் மேல் ரம்புத் சீவி கோயில், அதைச் சுற்றியும் நெல்தான். அதற்கும் கிழக்கே மெடெவி. நீளமான அலைக்காக உலகம் முழுவதிலுமிருந்து அலைச்சறுக்கு ஆட்கள் அங்கே வருகிறார்கள். அவர்கள் பின்னாலேயே நிலத் தரகர்களும் வந்துவிட்டார்கள்.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். இந்தோனேசியாவின் அடிப்படை நிலச் சட்டம் 1960ஆம் ஆண்டின் 5ஆம் எண் சட்டம். ‘ஹக் மிலிக்’ எனப்படும் முழு உடைமை இந்தோனேசியக் குடிமக்களுக்கு மட்டும்தான் என்கிறது அதன் 21ஆம் பிரிவு. நேராகவோ சுற்றி வளைத்தோ வெளிநாட்டவருக்கு அந்த உரிமையை மாற்றினால் அந்தப் பத்திரம் செல்லாது, நிலம் அரசுக்குப் போய்விடும், கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்கவும் முடியாது என்கிறது 26ஆம் பிரிவு. சுற்றி வளைத்து என்று சட்டமே சொல்லியிருப்பதைக் கவனியுங்கள். உங்கள் கட்டுரை சொன்ன வழி அதேதான்.

அந்த வழி எப்படி நடக்கிறது என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். நிலம் உள்ளூர் ஆள் பெயரில் பதிவாகும். அதே நாளில் அவரிடம் நான்கைந்து காகிதங்களில் கையெழுத்து வாங்குவார்கள். நிலத்தின் விலை அளவுக்கு அவர் வெளிநாட்டவரிடம் கடன் வாங்கியதாக ஒன்று. நிலத்தை விற்கும் அதிகாரத்தைத் திரும்பப் பெற முடியாதபடி கொடுத்ததாக ஒன்று. நீண்ட காலக் குத்தகை ஒன்று. சில சமயம் உயிலும் உண்டு. திரும்பப் பெற முடியாத அதிகாரப் பத்திரத்தின் மூலம் நிலத்தைக் கைமாற்றுவதை உள்துறை அமைச்சகம் 1982லேயே தடை செய்துவிட்டது. இருந்தும் அந்தக் காகிதம் இன்றும் எழுதப்படுகிறது.

எங்கள் பக்கத்துப் பஞ்சாரில், அதாவது பக்கத்து ஊர்க் குடியிருப்பில், நடந்ததைச் சொல்கிறேன். ஓய்வுபெற்ற ஐரோப்பியர் ஒருவர், தனக்குக் கார் ஓட்டிய இளைஞன் பெயரில் கடலோரமாக நிலம் வாங்கி வீடு கட்டினார். இருவருமே நல்லவர்கள், ஒருவரை ஒருவர் ஏமாற்றும் எண்ணம் இருந்ததில்லை. அந்தப் பையன் நெடுஞ்சாலையில் லாரி மோதி இறந்துபோனான். சட்டப்படி நிலம் அவனுடைய வாரிசுகளுக்கு. மனைவிக்கு ஒன்றும் தெரியாது. அண்ணன் தம்பிகள் ஒரு பக்கம், பெரியவர் கொண்டுவந்த கடன் பத்திரம் ஒரு பக்கம். தகனம்கூட முடியாத நேரத்தில், உன் மகன் கடனாளி என்று அவன் அம்மாவிடம் ஒரு வக்கீல் காகிதத்தை நீட்டினார். தான் பார்த்தே இராத கடனுக்காக அந்த அம்மா ஊர் நடுவில் தலைகுனிந்து நின்றார். பெரியவர் மனம் உடைந்து நாடு திரும்பினார். அந்த வீட்டின் கூரையில் இப்போது செடி முளைத்திருக்கிறது. யாருக்கும் அது உதவவில்லை. போட்ட பணம் போய்விடும் என்று எச்சரிக்கிறவர்கள்கூட, பெயர் கொடுத்த குடும்பத்துக்கு என்ன ஆகும் என்று எழுதுவதில்லை. எனக்கு அதுதான் பெரிய விஷயம்.

என் கதையும் இதில் இருக்கிறது. இங்கே நிலத்தில் எனக்கு எந்த உரிமையும் இல்லை. மணமான பிறகு சம்பாதிப்பது இருவருக்கும் பொது என்கிறது 1974ஆம் ஆண்டின் திருமணச் சட்டம். பொது என்றால் வெளிநாட்டவளான எனக்கும் பங்கு. எனக்குப் பங்கு என்றால் என் வீட்டுக்காரரும் ஹக் மிலிக் நிலம் வாங்க முடியாது. இந்தச் சிக்கலில் மாட்டிய ஒரு பெண்தான் நீதிமன்றம் போனார். இக்கே ஃபரீதா, வழக்கறிஞர், ஜப்பானியரை மணந்த இந்தோனேசியர். பணம் கட்டியிருந்தும் கணவர் வெளிநாட்டவர் என்பதால் அவருக்கு அடுக்குமாடி வீடு மறுக்கப்பட்டது. மணமான பிறகும் கணவனும் மனைவியும் சொத்தைப் பிரித்து ஒப்பந்தம் எழுதிக்கொள்ளலாம் என்று அரசியல் சாசன நீதிமன்றம் 2016 அக்டோபரில் தீர்ப்புச் சொன்னது. அந்தத் தீர்ப்பு வந்த பிறகுதான் நாங்களும் பத்திரம் எழுதும் சட்ட அலுவலரான நோத்தாரிஸின் அலுவலகத்துக்குப் போனோம். என் வீட்டுக்காரரின் சித்தப்பா மகன் விற்க நினைத்த சிறிய வயல் வெளியாள் கைக்குப் போகாமல் குடும்பத்துக்குள் நிற்க வேண்டும் என்பதற்காக, இனி வாங்கும் சொத்தில் எனக்குப் பங்கில்லை என்று கையெழுத்துப் போட்டேன். எனக்கு வருத்தம் இல்லை. அந்த மண் என் பிள்ளைகளுக்கு இருக்கும். ஆனால் இங்கே மருமகளாக வாழும் எனக்கே இல்லாத உரிமை, சென்னையிலிருந்து பணம் அனுப்புகிறவருக்கு எப்படிக் கிடைக்கும்?

நேர்மையான வழிகளும் இருக்கின்றன. வீட்டையோ வீட்டு மனையையோ வருடக் கணக்கில் குத்தகைக்கு எடுக்கலாம். குடியிருப்பு அனுமதி உள்ளவர்கள் ‘ஹக் பாகாய்’ என்ற பயன்பாட்டு உரிமை பெறலாம். 2021ஆம் ஆண்டின் விதிப்படி அது 30 ஆண்டு, நீட்டிப்பு 20, புதுப்பிப்பு 30. ஆனால் வெளிநாட்டவர் வாங்கும் வீட்டுக்குக் குறைந்தபட்ச விலை என்று ஒரு வரம்பு இருக்கிறது, மலிவு மனைக்கு இந்த வழி உதவாது. நிறுவனம் தொடங்கிச் செய்வதென்றால் 1,000 கோடி ரூபியாவுக்கு மேல் முதலீட்டுத் திட்டம் காட்ட வேண்டும். நம் பணத்தில் 5 கோடியைத் தாண்டும். சாதாரண சேமிப்புக்காரருக்கு மிஞ்சுவது குத்தகை ஒன்றுதான். குத்தகை என்றால் காலம் முடிந்ததும் திருப்பிக் கொடுக்க வேண்டும். பத்து வருடத்தில் பல மடங்கு என்ற பேச்சுக்கு அதில் இடமில்லை.

கடலைத் தொட்டபடி மனை என்று கட்டுரையில் ஒரு வரி இருந்தது. உயர் அலைக் கோட்டிலிருந்து குறைந்தது 100 மீட்டரைக் கடற்கரை எல்லையாக விட வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் அதிபர் ஆணை சொல்கிறது. அதை விடுங்கள், கடல் சட்டம் பார்த்து வருவதில்லை. எங்களுக்கு மேற்கே, நெகாரா வட்டத்தில் பெபுவாஹான் கடற்கரைக்குப் போய்ப் பாருங்கள். சுட்ட மீன் சாப்பிட மாவட்டம் முழுவதிலுமிருந்து ஆட்கள் வந்த இடம். கடல் கரையைத் தின்று தின்று கடைகள் போயின, வீடுகள் போயின, தென்னை வேரோடு சாய்ந்து கிடக்கிறது. நான் முன்பு பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்ட கடை இருந்த இடத்தில் இப்போது தண்ணீர். நிலச் சட்டத்தின் 27ஆம் பிரிவு இன்னொன்றும் சொல்கிறது: நிலம் அழிந்தால் அதன் மேல் இருந்த உடைமை உரிமையும் முடிந்துபோகும். கையில் சான்றிதழ் இருந்தாலும் நிலம் இல்லை.

சரி, இங்கே இருப்பவர்கள் ஏன் விற்கிறார்கள்? கட்டுரையில் இது ஒரு வரிகூட இல்லை. இங்கே நிலத்தை ‘ஆரே’ கணக்கில் பேசுவார்கள். ஒரு ஆரே 100 சதுர மீட்டர், நம் கணக்கில் ஏறக்குறைய இரண்டரை சென்ட். என் மாமனாருக்கு 60 ஆரே இருந்தது. மூன்று பிள்ளைகளுக்கும் பிரித்தால் ஆளுக்கு 20, அதாவது அரை ஏக்கர். நல்ல மழை, நல்ல தண்ணீர் இருந்தால் ஒரு போகத்துக்கு ஆயிரத்து நூறு கிலோ நெல் வரும். 2025 முதல் அரசு கொள்முதல் விலை கிலோவுக்கு 6,500 ரூபியா, நம் பணத்தில் 35 ரூபாய் அளவு. மொத்தம் 71 லட்சம் ரூபியா. கேட்பதற்குப் பெரிய தொகை, நம் பணத்தில் 38 ஆயிரம் ரூபாய். உழவு, நாற்று, உரம், அறுவடைக் கூலி போனால் பாதிதான் மிஞ்சும். நான்கு மாத உழைப்பு. தெற்குப் பாலியின் சுற்றுலா விடுதி ஒன்றில் தட்டுக் கழுவினாலும் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 30 லட்சம் ரூபியாவுக்கு மேல். எந்தப் பையன் வயலில் இறங்குவான்? இரண்டு போகம் நெல், நடுவில் தர்பூசணியோ சோளமோ போட்டு என் கொழுந்தனார் தாக்குப்பிடிக்கிறார். அவரும் அறுபதை நெருங்குகிறார்.

பிள்ளைகள் பயணக் கப்பல்களுக்குப் போகிறார்கள், ஜப்பானுக்குப் பயிற்சித் தொழிலாளியாகப் போகிறார்கள். மொழி வகுப்பு, ஏஜென்டு, பயணச் செலவு என்று கையில் பெரும் பணம் வேண்டும். அப்போதுதான் வயலை அடகு வைக்கிறார்கள், அல்லது விற்கிறார்கள். தகனச் செலவுக்கும் விற்பதுண்டு. அடகு பிடித்தவர் விவசாய நிலத்தை ஏழு வருடம் அனுபவித்துவிட்டால், மீட்புப் பணம் வாங்காமலே திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று 1960ஆம் ஆண்டின் இன்னொரு சட்டம் விவசாயிக்குப் பாதுகாப்புக் கொடுத்திருக்கிறது. அந்தச் சட்டம் தெரிந்தவர்களை எங்கள் ஊரில் விரல்விட்டு எண்ணலாம். ஆகவே விற்கிறவர்களை நான் குறை சொல்லவே மாட்டேன். மகனை ஜப்பானுக்கு அனுப்பத் தகப்பன் விற்கும் வயலைத்தான் உங்கள் கட்டுரை வாய்ப்பு என்று எழுதியது. படித்தபோது எனக்கு நெஞ்சு அடைத்தது.

ஒரு வயல் போனால் அந்த ஒரு வயலோடு முடியாது. இங்கே நீர்ப்பாசனம் ‘சுபாக்’ என்ற விவசாயிகள் சங்கத்தின் கையில் இருக்கிறது. 2012ல் யுனெஸ்கோ உலக மரபாக அறிவித்ததே, அதே முறை. அந்தப் பட்டியலில் ஜெம்ப்ரானா இல்லை, ஆனால் எங்கள் ஊரிலும் மடைக் கட்டையில் வெட்டிய பள்ளம்தான் யாருக்கு எவ்வளவு தண்ணீர் என்று அளந்து விடுகிறது. யார் எப்போது நாற்று விடுவது என்று சங்கம் கூடி முடிவு செய்கிறது. தலைவர் ‘பெகாசே’. எல்லோரும் ஒன்றாக நட்டு ஒன்றாக அறுப்பதால் எலியும் பூச்சியும் குறைகின்றன. நடுவில் ஒருவர் மதில் கட்டி நீச்சல் குளம் வெட்டினால் வாய்க்கால் வளைந்து போக வேண்டும். கீழ் வயலுக்குத் தண்ணீர் தாமதமாக வரும், மழைக்காலத்தில் வடியாமல் தேங்கும். தாமதமாக நட்டவன் வயலுக்கு ஊர் எலியெல்லாம் போகும். அவன் இரண்டு போகம் தோற்றபின் தரகர் அவன் வாசலில் நிற்பார். மெடெவிப் பக்கம் இப்படித்தான் வரிசையாகப் போவதைப் பார்க்கிறேன். விளைநிலத்தைக் காக்க 2009ல் ஒரு சட்டம் வந்தது, பாதுகாக்கப்பட்ட வயல் என்று வரைபடத்தில் குறித்தும் இருக்கிறார்கள். அப்படிக் குறித்த வயலில் வீடு கட்ட அனுமதி கிடைக்காது. வாங்கியவருக்குக் கடைசியில்தான் அது தெரியவரும்.

மேலே காடும் குறைந்துவருகிறது. 2022 அக்டோபரில் பிலுக் போ ஆறு பெருக்கெடுத்து, மரக்கட்டைகளை அடித்துக்கொண்டு வந்து வீடுகள் மேல் போட்டது. 2025 செப்டம்பர் வெள்ளத்தில் டென்பசாரோடு எங்கள் மாவட்டமும் தவித்தது. கிலிமானுக்கிலிருந்து மெங்வி வரை 96 கிலோமீட்டர் சுங்கச்சாலை வருகிறது, நிலம் எல்லாம் தங்கமாகும் என்று தரகர்கள் சொல்கிறார்கள். 2022 செப்டம்பரில் பெகுதாதானில் அடிக்கல் நாட்டியது உண்மை. பிறகு முதலீடு இல்லாமல் வேலை நின்றது. பாதைக்கென்று குறித்த நிலத்தை விற்கவும் முடியாமல் அடகு வைக்கவும் முடியாமல் பல குடும்பங்கள் காத்துக்கிடந்தன. அதை வைத்து விலை கணக்கிடாதீர்கள்.

இவ்வளவும் சொன்னதால் இது வாழ முடியாத ஊர் என்று நினைக்க வேண்டாம். எனக்கு இந்த ஊரைப் பிடிக்கும். காலையில் அறுவடை ஆட்களுக்கு மாமியாரோடு சேர்ந்து சோறு கட்டுவேன். இணைய வசதி நன்றாக இருக்கிறது, நெகாராவில் மருத்துவமனை இருக்கிறது, பெரிய சிகிச்சைக்கு டென்பசார் இரண்டரை மூன்று மணி நேரம். இந்துவும் முஸ்லிமும் பக்கத்துப் பக்கத்தில் வாழ்கிறார்கள், ஒருவர் வீட்டு விசேஷத்துக்கு மற்றவர் பலகாரம் அனுப்புவார். ஆனால் இங்கே குடியிருப்பது என்றால் பஞ்சாரின் ஆளாக இருப்பது. யார் வீட்டில் சாவு என்றாலும் மரமணி அடித்ததும் வேலையை விட்டுப் போக வேண்டும். கோயில் வேலைக்கு முறை வைத்துப் போக வேண்டும். பாலி இந்துக்களின் மௌன நாளான நியெபி அன்று விளக்கு ஏற்றக் கூடாது, வெளியே வரக் கூடாது, விமான நிலையமே ஒரு நாள் மூடியிருக்கும். மரபுக் கிராமத்தின் உறுப்பினர், வந்து குடியிருப்பவர், விருந்தினர் என்று மூன்று வகையாக 2019ஆம் ஆண்டின் மாகாண ஒழுங்குவிதி பிரித்திருக்கிறது. முதல் வகையில் சேரப் பணம் போதாது. நான் சேர்ந்தது மணத்தால் மட்டுமில்லை, முறை தவறாமல் போய் வந்ததால். வருடத்தில் இரண்டு வாரம் வந்து தங்க மதில் வைத்த வீடு கட்டுகிறவர்களுக்கு ஊரில் பெயர்கூட இருக்காது.

ஆசிரியர் அவர்களே, அந்தக் கட்டுரைக்கு ஒரு திருத்தம் வெளியிடுங்கள். வேறொருவர் பெயரில் வாங்குவது செல்லாது என்பதை 26ஆம் பிரிவோடு சேர்த்துப் போடுங்கள். ஏற்கெனவே முன்பணம் கொடுத்த வாசகர் யாராவது இருந்தால், அடுத்த தவணையை அனுப்பும் முன் தரகர் கைகாட்டாத ஒரு நோத்தாரிஸிடம் தனியாகக் கேளுங்கள். மாவட்ட நில அலுவலகத்தில் அந்த எண்ணில் உள்ள சான்றிதழ் யார் பெயரில் இருக்கிறது, மண்டல வரைபடத்தில் அது வயலா குடியிருப்பா என்று பார்க்கச் சொல்லுங்கள். வயல் என்றால் விலகிவிடுங்கள். இங்கே வந்து வாழத்தான் ஆசை என்றால், சாலையோரக் கிராமங்களில் காலியாகக் கிடக்கும் வீடுகள் நிறைய உண்டு, பிள்ளைகள் வெளியூர் போனதால் பூட்டியவை. வருட வாடகைக்குக் கொடுப்பார்கள். அந்த வாடகை ஒரு குடும்பத்தின் உரச் செலவுக்கு உதவும், அவர்கள் வயலை விற்காமல் இன்னும் ஒரு போகம் நடுவார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மெண்டோயோ, ஜெம்ப்ரானா மாவட்டம், பாலி